வரலாற்றுப் பாடநூலில் மதமும் தேசமும்: வாசலில் நின்று கேட்ட கேள்விகள்

திருச்சியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சமூக அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். ஐந்து மணி பேட்சில் சமச்சீர்ப் பிள்ளைகள், ஏழு மணி பேட்சில் சி.பி.எஸ்.இ. பிள்ளைகள். ஒரே அக்பரும் ஒரே ராஜராஜனும் இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக வருகிறார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்பவை, பிள்ளைகள் பாடத்தின் நடுவே கேட்பவை எல்லாம் வருடா வருடம் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

என்.சி.இ.ஆர்.டி., சி.பி.எஸ்.இ., சமச்சீர்னு ஆளாளுக்கு சொல்றாங்க. யார்தான் இந்த புக்கை எழுதறாங்க?

என்.சி.இ.ஆர்.டி. என்பது 1961-ல் ஒன்றிய அரசு தொடங்கிய நிறுவனம். பாடத்திட்டம் வகுப்பதும் பாடநூல் தயாரிப்பதும் அதன் வேலை. சி.பி.எஸ்.இ. தேர்வு நடத்தும் வாரியம். அதன் பள்ளிகளில் பெரும்பாலும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான். சமச்சீர் என்று சொல்லும் தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்துக்குத் தனியாக ஆசிரியர்களும் பேராசிரியர்களும் சேர்ந்த குழு எழுத, பாடநூல் கழகம் அச்சிடுகிறது. 1976-ல் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வரும்வரை கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. அதன்பின் பொதுப்பட்டியலுக்குப் போனதால் இரண்டு அரசுகளுக்கும் இதில் கை இருக்கிறது.

எழுதுவது அறிஞர் குழு, அந்தக் குழுவை அமைப்பது அரசு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் எளிதாகிவிடும்.

நடந்தது நடந்ததுதானே மிஸ்? வரலாறு மாறாதே, புக் மட்டும் ஏன் மாறிக்கிட்டே இருக்கு?

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது. நடந்தது மாறாதுதான். ஆனால் நமக்குத் தெரிந்தது மாறும். நான் பள்ளியில் படித்தபோது கீழடி என்ற ஊர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 2014-ல் குழி தோண்டத் தொடங்கினார்கள், இன்று பாடத்தில் இருக்கிறது. இது நல்ல மாற்றம்.

அடுத்தது, இருக்கும் பக்கத்துக்குள் எதைச் சேர்ப்பது என்ற தேர்வு. முன்பு ராஜா, போர், ஆண்டு மட்டும்தான். இப்போது உழவர், பெண்கள், கைவினைஞர், காட்டில் வாழ்ந்தவர்கள் பற்றியும் பாடம் வருகிறது. அதுவும் நல்லதே. மூன்றாவது காரணம், ஆட்சி மாறும்போது மாற்றுவது. நாம் உற்றுப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நாங்க படிக்கிறப்ப இந்தச் சண்டையெல்லாம் இல்லையே? இப்பதானே ஆரம்பிச்சிருக்கு?

இல்லை. உங்கள் காலத்திலும் இருந்தது, வாட்ஸ்அப் இல்லாததால் தெரியவில்லை. 1977-ல் ஜனதா ஆட்சி வந்ததும் ரொமிலா தாப்பர், பிபன் சந்திரா போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதிய நூல்களைத் திரும்பப் பெறச் சொல்லி, எழுதியவர் பெயரில்லாத குறிப்பு ஒன்று பிரதமர் மொரார்ஜி தேசாயிடம் போனது. 1978-ல் ஆர்.எஸ். சர்மாவின் பண்டைய இந்தியா பாடநூல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2001-ல் சில பத்திகளைக் குறிப்பிட்டு அவற்றை நடத்தக் கூடாது, வகுப்பில் விவாதிக்கவும் கூடாது என்று சுற்றறிக்கையே வந்தது. வேத காலத்தில் மாட்டிறைச்சி உண்டது பற்றிய வரிகளும் சீக்கிய குரு தேக் பகதூர் பற்றிய வரிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

2002-ல் புதிய புத்தகங்கள் வந்தன. 2004-ல் ஆட்சி மாறியது, 2005-ல் புதிய கலைத்திட்டம், 2006 முதல் மறுபடி புதிய புத்தகங்கள். நம் பிள்ளைகள் அண்மைக்காலம் வரை படித்தது அவற்றைத்தான். 2023-ல் அடுத்த கலைத்திட்டம் வந்து, 2024 முதல் ஒவ்வொரு வகுப்பாகப் புத்தகம் மாறுகிறது.

முகலாயர்களை மொத்தமா தூக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

மொத்தமாக இல்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியில்லை. கொரோனாவுக்குப் பின் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி 2022-ல் நீக்கங்களை அறிவித்தார்கள். அதில் பன்னிரண்டாம் வகுப்பின் முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் முழுதாகப் போனது. முகலாயர் கால உழவர்களும் ஜமீன்தார்களும் பற்றிய அத்தியாயம் அப்படியே இருந்தது. பதினொன்றாம் வகுப்பு உலக வரலாற்றிலிருந்து மத்திய இஸ்லாமிய நாடுகள் என்ற அத்தியாயம் எடுக்கப்பட்டது. ஏழாம் வகுப்பில் டெல்லி சுல்தான்கள், முகலாயர் பக்கங்கள் சுருங்கின.

2025-ல் வந்த புதிய ஏழாம் வகுப்பு நூலில் இருவருமே இல்லை, எட்டாம் வகுப்புக்குத் தள்ளப்பட்டார்கள். எட்டாம் வகுப்பு நூலில் பாபர் கொடூரமான படையெடுப்பாளர், அக்பர் கொடுமையும் சகிப்பும் கலந்தவர் என்று வருகிறார்கள். அதே நூலில் வரலாற்றின் இருண்ட பகுதிகள் பற்றி ஒரு தனிக் குறிப்பும் இருக்கிறது. கடந்த காலத்தில் நடந்ததற்கு இன்று யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்கிறது அது. அந்தக் குறிப்பைச் சேர்த்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மனதில் ‘கொடூரமான’ என்ற அடைமொழி நிற்கும், பெட்டிக்குள் போட்ட குறிப்பு நிற்காது. இத்தனை வருடம் விடைத்தாள் திருத்தியதில் கண்டது இது.

காந்தி கொலை பத்தி எதை எடுத்தாங்க?

பன்னிரண்டாம் வகுப்பு நூல்களிலிருந்து மூன்று செய்திகள் போயின. இந்து-முஸ்லிம் ஒற்றுமையில் காந்தி காட்டிய உறுதி இந்துத் தீவிரவாதிகளுக்கு ஆத்திரமூட்டியது என்பது ஒன்று. கொலைக்குப்பின் ஆர்.எஸ்.எஸ். போன்ற அமைப்புகள் சில காலம் தடை செய்யப்பட்டன என்பது இன்னொன்று. கோட்சே புனேயைச் சேர்ந்த பிராமணர், தீவிர இந்துப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் என்ற விவரம் மூன்றாவது. 2022-ல் வெளியிட்ட நீக்கப் பட்டியலில் இந்த வரிகள் இல்லை. 2023 ஏப்ரலில் அச்சான புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

கோட்சேயின் சாதியைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டால் விவாதிக்கலாம். ஆனால் 1948 பிப்ரவரியில் தடை விதித்ததும் 1949 ஜூலையில் அது நீங்கியதும் அரசு ஆவணத்தில் இருப்பவை. ஏன் கொன்றான் என்று பிள்ளை கேட்டால் புத்தகத்தில் பதில் இருக்க வேண்டும். காரணமில்லாத கொலையாக அதை விட்டுவிடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இந்துக்கள் காலம், முஸ்லிம்கள் காலம், ஆங்கிலேயர் காலம்னு நாங்க படிச்சோம். அதுல என்ன தப்பு?

அந்தப் பிரிவினை நம்முடையது அல்ல. 1817-ல் ஜேம்ஸ் மில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதிய இந்திய வரலாற்றில் வந்தது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்து ஆட்சியும் முஸ்லிம் ஆட்சியும் இருட்டு, நாங்கள் வந்துதான் விளக்கேற்றினோம் என்று காட்ட அந்த வரிசை அவருக்கு வசதியாக இருந்தது. மூன்றாவது காலத்துக்கு மட்டும் ‘கிறித்தவர் காலம்’ என்று அவர் பெயர் வைக்கவில்லை என்பதைப் பாருங்கள்.

அரசனின் மதத்தைக் காலத்தின் பெயராக வைத்தால், அந்தக் காலத்தில் வாழ்ந்த எல்லோருக்கும் அதுவே அடையாளம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி இருந்தது. சைவனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்று சொல்லப்படும் செப்பேட்டில் இது இருக்கிறது. ‘இந்து காலம்’ என்ற தலைப்புக்குள் இதை எங்கே வைப்பீர்கள்?

கோயில்களை இடிச்சது உண்மைதானே? அதை மறைக்கணும்னு சொல்றீங்களா?

மறைக்கவே கூடாது. நாம் இருக்கும் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1311-ல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்தது. 1323-ல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியது. உற்சவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் பிள்ளை லோகாச்சாரியர் என்ற முதியவரும் ஒருவர். மதுரைப் பக்கம் அவர் காலமானார். பெருமாள் ஊர் ஊராக மறைந்திருந்து 1371-ல் தான் திரும்பினார். கிட்டத்தட்ட ஐம்பது வருடம். இதைச் சொல்லாமல் இந்த ஊரின் வரலாற்றைச் சொல்ல முடியாது. வடக்கே ஔரங்கசீப் காலத்தில் 1669-ல் காசியிலும் 1670-ல் மதுராவிலும் இடித்ததும் அப்படியே.

அதே ஸ்ரீரங்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கோயிலுக்குள் துலுக்க நாச்சியார் சன்னிதி. பெருமாள் மேல் காதல் கொண்டு பின்னாலேயே வந்த சுல்தானின் மகள் என்பது கதை. சிலை கிடையாது, சுவரில் சித்திரம்தான். அவருக்காகக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம் ஆகிறது, பெருமாளுக்கு லுங்கிபோல உடுத்தும் வழக்கமும் உண்டு. நடந்த கதையா என்றால், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அடிபட்ட ஊர், அடித்தவரின் மகளைக் கோயிலுக்குள் சேர்த்துக்கொண்டு அந்த நினைவைச் சுமந்திருக்கிறது. பாடநூலில் முதல் பாதி மட்டும் வந்தால் உண்மை பாதிதான். இரண்டாம் பாதி மட்டும் வந்தாலும் அப்படித்தான்.

அப்போ “இந்து ராஜாவும் இடிச்சான்”னு சொல்லி சமன் பண்றதுதான் உங்க வழியா?

இல்லை. ஒருவன் செய்தது இன்னொருவன் செய்ததைச் சரியாக்காது. காரணம் என்ன என்று கேட்கத்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் நிற்கிறார். நம் ஊர்த் துவாரபாலகர் சாயலே இல்லை, சாளுக்கிய வேலைப்பாடு. சாளுக்கியர் தலைநகரான கலியாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் இவர் என்று அடியிலேயே தமிழில் பொறித்திருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் சோழ அரசன் முதலாம் ராஜாதிராஜன் கொண்டுவந்தது. தோற்ற அரசனின் தெய்வத்தையும் காவல் தெய்வத்தையும் எடுத்து வருவது அன்றைய வெற்றியின் அடையாளம். கோயில் வழிபாட்டு இடமாக மட்டும் இருக்கவில்லை. கருவூலமும் அங்கே, அரசனின் பெயரும் அங்கே.

சுல்தான்களின் படையெடுப்பில் இந்தக் கணக்கோடு உருவ வழிபாட்டின் மேல் வெறுப்பும் சேர்ந்திருந்தது, அவர்களுடைய பாரசீக நூல்களே அதைப் பெருமையாகச் சொல்கின்றன. அதையும் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஈட்டன் என்ற வரலாற்றாசிரியர் 1192 முதல் 1729 வரை சான்றோடு உறுதி செய்யக்கூடியவை என்று சுமார் 80 நிகழ்வுகளைத் தொகுத்தார். அந்த எண்ணிக்கையை ஏற்காதவர்களும் உண்டு. எத்தனை என்பதோடு எங்கே, எப்போது, எந்த அரசியல் சூழலில் என்றும் பார்க்கும் பாடம்தான் பிள்ளைக்கு உதவும்.

ஹல்திகாட்டிப் போர்ல ஜெயிச்சது ராணா பிரதாப்தான்னு என் மச்சான் பையன் ராஜஸ்தான் புக்ல இருக்காம். எது சரி?

அக்பரின் படைக்கும் மேவார் அரசர் ராணா பிரதாப்புக்கும் 1576-ல் நடந்த போர். களத்தை விட்டு விலகியது ராணா பிரதாப். ஆனால் அவரைப் பிடிக்க முடியவில்லை, பிறகு மேவாரின் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டார். 2017-ல் ராஜஸ்தான் பாடநூல் அவரே வென்றார் என்று மாற்றி எழுதியது செய்தியானது. அக்பரின் படைக்குத் தளபதி ராஜா மான்சிங், ராஜபுத்திரர். ராணா பிரதாப் பக்கம் முன்னணியில் நின்றவர் ஹகீம் கான் சூர், ஆப்கானியர். இந்த இரண்டு பெயரைச் சொன்னாலே அது மதப்போர் இல்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

திப்பு சுல்தான் நல்லவரா கெட்டவரா? ஒரே வரில சொல்லுங்க.

ஒரே வரியில் முடியாது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உயிரை விட்டவர். குடகிலும் மலபாரிலும் அவர் படை செய்த கொடுமையும் கட்டாய மதமாற்றமும் உண்மை. மங்களூர்க் கத்தோலிக்கரை 1784-ல் சிறைபிடித்துக் கொண்டுபோனதும் உண்மை. 1791-ல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது மடத்துக்குப் பணமும் பொருளும் அனுப்பி, சாரதாம்பாளை மறுபடி பிரதிஷ்டை செய்ய உதவியவரும் அவரே.

கர்நாடகத்தில் ஆட்சி மாறும்போதெல்லாம் இவர் பாடம் நீள்கிறது, சுருங்குகிறது. அங்கே 2022-ல் பா.ஜ.க. அரசு பாடநூல்களைத் திருத்தியது, 2023-ல் வந்த காங்கிரஸ் அரசு ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவார், இந்துத்துவத் தலைவர் சாவர்க்கர் பற்றிய பாடங்களை நீக்கியது. நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியையே கீழே வைத்துவிட்டு, எங்கே, யாரிடம், என்ன செய்தார் என்று கேட்டால் திப்பு புரிவார்.

நம்ம சோழனுக்கு ஒரு பக்கம், முகலாயனுக்கு நூறு பக்கம்னு வர்ற ஃபார்வர்டு சரியா?

ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது, கணக்கு சரியில்லை. பழைய என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்பு நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் சோழர்களைத் தனியாக எடுத்து விளக்கியிருந்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டும் அதில் இருந்தது. ஆனால் டெல்லியை நடுவில் வைத்து மற்றவர்களைச் சுற்றி வைக்கும் பழக்கம் எந்த ஆட்சியிலும் முழுதாக மாறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்திய வரலாறு என்றால் கங்கைக்கரை என்ற எண்ணம் மதத்தைவிடப் பழைய சாய்வு.

அப்ப தமிழ்நாட்டு புக் மட்டும் ஒழுங்கா?

இல்லை. 2011-ல் ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்வியை நிறுத்தப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு, முந்தைய ஆட்சியை நினைவூட்டும் பகுதிகள் மேல் ஸ்டிக்கர் ஒட்டிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். என் பேட்ச் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை மட்டும் டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அந்த வருடம் அவர்கள் அவ்வளவு கவனமாகப் படித்தது அந்தப் பக்கங்களைத்தான்.

பெருமை பேசுவதிலும் நாம் குறைவில்லை. உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் ‘பண்டைய ஜனநாயகம்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைப் படித்தால், உறுப்பினராக வரிகட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை கிடையாது. கணக்குத் தவறினவன் மறுபடி வர முடியாது என்ற விதி அருமையானது, அதையும் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டையும் சொல்வதால் சோழன் சிறுத்துவிட மாட்டான். ஏழாம் வகுப்பில் சமணம், பௌத்தம், ஆசீவகம் மூன்றுக்கும் தமிழ்நாட்டில் இருந்த இடத்தைத் தனிப்பாடமாக வைத்திருப்பது நம் புத்தகத்தின் நல்ல காரியம்.

எங்க மனசு புண்படுது, எடுங்கன்னு ஒரு சமூகம் கேட்டா அதுவும் தப்பா?

கேட்பது தப்பில்லை. ஒரு சமூகத்தை இழிவாகச் சொல்லும் வரி இருந்தால் திருத்தத்தான் வேண்டும். ஆனால் கேட்டவுடன் பாடத்தையே எடுத்துவிடுவதால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. நூலில் தோள்சீலைப் போராட்டம் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குப் போராடி 1859-ல் அரச ஆணை பெற்ற வரலாறு. அதில் சமூகத்தை விவரித்த விதம் தவறு என்று எதிர்ப்பு வந்தது, வழக்கு வந்தது. கடைசியில் வரியைத் திருத்தவில்லை. 2016-ல் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியைத் தேர்விலிருந்து எடுத்தது, 2019-ல் அத்தியாயமே போனது. வென்ற போராட்டம் ஒன்று பாடத்திலிருந்து காணாமல் போயிற்று.

2012-ல் என்.சி.இ.ஆர்.டி. நூலில் இருந்த அம்பேத்கர் கேலிச்சித்திரத்துக்கு எதிர்ப்பு வந்தது. அதே வருடம் இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களைப் பற்றிய சித்திரத்துக்கு நம் கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஆங்கிலமும் தெரியாத மாணவர்கள் என்ற சாயல் அதில் இருந்ததால் அந்தக் கோபம் எனக்கும் புரிந்தது. ஆனால் 1965-ல் இங்கே என்ன நடந்தது என்று வடக்கே படிக்கும் பிள்ளைக்கு விரிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம்.

பாகிஸ்தான்ல, இலங்கையில எப்படிச் சொல்லித் தர்றாங்க?

பாகிஸ்தான் பாடநூல்களில் நாட்டின் கதையை 712-ல் முகமது பின் காசிம் சிந்துவுக்கு வந்ததிலிருந்து தொடங்கும் வழக்கம் உண்டு. மொகஞ்சதாரோ அவர்கள் மண்ணில்தான் இருக்கிறது, ஆனாலும் அது முன்கதையாகிவிடுகிறது. 1947 நமக்கு உடைந்த கதை, அவர்களுக்குப் பிறந்த கதை.

இலங்கையில் சிங்கள அரசன் துட்டகைமுனு தமிழ் அரசன் எல்லாளனை வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லும் மகாவம்சம் என்ற பழைய பாளி நூலே எல்லாளன் நீதி தவறாதவன் என்கிறது. இறந்தவனுக்கு மரியாதை செய்யச் சொல்லி துட்டகைமுனு ஆணையிட்டதும், அந்தச் சமாதியைக் கடக்கும்போது வாத்தியத்தை நிறுத்தும் வழக்கம் இருந்ததும் அதில் இருக்கிறது. சிங்களவர்–தமிழர் போராக மட்டும் கதையைச் சுருக்கும்போது இந்த வரிகள்தான் முதலில் காணாமல் போகின்றன.

தேசப்பற்றை வளர்க்க வேண்டாமா? எல்லாத்தையும் சந்தேகப்பட்டா பிள்ளைக்கு நாட்டு மேல என்ன பிடிப்பு இருக்கும்?

வளர்க்க வேண்டும். அதற்குப் பொய் தேவையில்லை. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. திருநீறு இட்டவனுக்கும் தாடி வைத்தவனுக்கும் ஒரே நாளில் அவமானம். கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றியது இருவரும் சேர்ந்துதான். இங்கே மதப்பற்றுதான் அந்நியனுக்கு எதிராகத் திரும்பியது. இந்தப் பாடத்தை நடத்தும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வரி சார்பா எழுதப்பட்டிருக்குன்னு பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

முதலில் அடைமொழியைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். ஒருவர் ‘படையெடுத்தார்’, இன்னொருவர் ‘வெற்றிகொண்டார்’. வினை ஒன்றுதான், சொல் ஏன் மாறியது? ராஜேந்திரன் கடாரம் கொண்டான். இன்று மலேசியாவில் இருக்கும் கடாரத்துப் பிள்ளை அதை என்னவென்று படிக்கும்? அப்புறம் செய்தவன் பெயர் இல்லாத வாக்கியங்கள். ‘கலவரம் மூண்டது’, ‘கட்டடம் இடிக்கப்பட்டது’ என்று வந்தால் யாரால் என்று கேட்க வேண்டும். 2024-ல் திருத்திய பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் பாபர் மசூதி என்ற பெயரே இல்லை, ‘மூன்று குவிமாடக் கட்டடம்’ என்று இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் நிகழ்ச்சியைத் தேடிப் படிக்கவும் பிள்ளைக்கு வழியில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது எப்படித் தெரியும் என்ற கேள்வி. எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையைச் சொல்லும் பெரிய புராணம், சம்பந்தர் காலத்துக்கு ஐந்நூறு வருடம் பிந்தியது. அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் அதைச் சொல்லவில்லை. சமச்சீர் ஏழாம் வகுப்பில் முதல் பாடமே இடைக்கால வரலாற்றுச் சான்றுகள் பற்றியது. புக் பேக் கேள்வியை மட்டும் முடித்துவிட்டு ஒரே நாளில் தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பாடத்துக்கு நான் இரண்டு வாரம் கொடுக்கிறேன்.

என் பையனை வகுப்புல “பாபர்”னு கூப்பிடறாங்க மிஸ். வீட்டுக்கு வந்து அழறான். நான் என்ன சொல்லட்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா என் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டார். எனக்கு இது புதிதல்ல. பல வருடம் முன்பு சோமநாதபுரம் கொள்ளையை நடத்திக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சில் இருந்த இரண்டு பையன்கள் மெதுவாகத் திரும்பி மூன்றாம் பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே இருந்தவன் தலையைக் குனிந்து ரப்பரால் நோட்டை அழித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் அழிக்க ஒன்றும் இல்லை. அன்று பாடத்தை அப்படியே தொடர்ந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

இப்போது சோமநாதபுரத்தை நடத்தினால், கஜினி முகமது கொள்ளையடித்த 1026-இல் நிறுத்துவதில்லை. 1264-ல் அதே ஊரில், ஹோர்முஸிலிருந்து வந்த நூருதீன் பிரோஸ் என்ற கப்பல் வணிகர் மசூதி கட்ட நிலம் வாங்கினார், ஊர்ப் பெரியவர்கள் சம்மதத்தோடு. சமஸ்கிருதத்திலும் அரபியிலும் கல்வெட்டு இருக்கிறது. அந்த அம்மாவிடம் சொன்னேன்: உங்கள் பையனுக்கும் பாபருக்கும் உள்ள உறவு, மற்ற பையன்களுக்கும் பாபருக்கும் உள்ள உறவைவிட ஒரு துளியும் அதிகமில்லை. உங்கள் தாத்தா ஊர் எது என்று கேட்டேன், துவரங்குறிச்சி என்றார். அதை அவனிடம் சொல்லுங்கள் என்றேன். வகுப்பாசிரியரிடமும் எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். இதைப் பிள்ளைகள் விளையாட்டு என்று விடக்கூடாது.

நீங்க சொல்றதை எழுதினா பரீட்சையில மார்க் போயிடுமே?

ஒரு மார்க் கேள்விக்குப் புத்தகத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். ஐந்து மார்க் கேள்விக்கும் புத்தகத்தில் உள்ள குறிப்புகள் எல்லாம் வந்துவிட வேண்டும். அதன்பின் இடம் இருந்தால் சான்றோடு ஒரு வரி சேர்க்கலாம். ‘லெய்டன் செப்பேடு இவ்வாறு கூறுகிறது’ என்று எழுதியதற்காக என் பிள்ளைகள் யாருக்கும் மார்க் குறைந்ததில்லை.

மற்றதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு. ‘யார் சொன்னது?’ என்று தலைப்புப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். விடாமுயற்சிக்கு உதாரணமாகக் கஜினி முகமதுவின் பதினேழு படையெடுப்பை நாம் எல்லோரும் சொல்கிறோம் இல்லையா? இந்த வருடம் ஏழாம் வகுப்புப் பேட்சில் ஒருத்தி அந்தப் பக்கத்தில் முதலில் எழுதியது: ‘பதினேழு தடவைன்னு யார் எண்ணினாங்க?’ நானும் அவளும் தேடிக்கொண்டிருக்கிறோம்.